ஜிஎல்-5 ஒசத்தி என்று யார் சொன்னது?

இரண்டாவது கியர் போட்டால் கரகரவென்று சத்தம், கிளட்ச் போயிடுச்சா பாருங்க என்று ஒரு கார் வந்தது. கிளட்சில் ஒன்றுமில்லை. கியர் பாக்ஸ் ஆயிலை வடித்து வெளிச்சத்தில் பார்த்தால் தங்கப்பொடி தூவினது மாதிரி மின்னுகிறது. பித்தளைத்தூள். வடிக்கிற பிளக்கின் காந்தத்தில் ஒட்டும் கறுப்புக் களிம்பு கொஞ்சம் இருந்தால் பயமில்லை, அது இரும்பு, எல்லா வண்டியிலும் இருக்கும். பித்தளை காந்தத்தில் ஒட்டாது; அது ஆயிலோடு வந்தால் கியர் பாக்ஸுக்குள் இருக்கும் சிங்க்ரோ ரிங் என்ற பித்தளை வளையம் தேய்கிறது என்று அர்த்தம். விசாரித்தால், ஜிஎல்-4 ரக கியர் ஆயில் கேட்கிற பெட்டியில் யாரோ ஜிஎல்-5 ரகத்தை ஊற்றியிருக்கிறார்கள். "நாலை விட அஞ்சு ஒசத்திதானே?"

இல்லை. ஜிஎல்-5 முக்கியமாக டிஃபரன்ஷியலில், அதாவது சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் பாகத்தில் உள்ள, ஹைபாய்டு என்ற வகைப் பல்சக்கரங்களுக்கானது. அங்கே பற்கள் ஒன்றின் மேல் ஒன்று பலமாக அழுந்திச் சறுக்கும், அதனால் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த மருந்து தூக்கலாக இருக்கும். ஜிஎல்-4-இல் அது ஏறக்குறைய பாதிதான். சிங்க்ரோ ரிங்கின் வேலையே வேறு. கியர் விழுவதற்கு முன்னால் அது கியரில் உள்ள கூம்பைக் கவ்விப் பிடித்து இரண்டு பக்க வேகத்தையும் சமமாக்க வேண்டும், கவ்வ உராய்வு வேண்டும். ஆயில் வழுக்கினால் ரிங் நழுவும், பல்லோடு பல் மோதும், அதுதான் நீங்கள் கேட்கிற கரகர. போதாததற்கு, சூட்டில் சில ஜிஎல்-5 ஆயில்களின் கந்தகம் பித்தளையையே அரிக்கும்.

அதற்காக ஜிஎல்-5 கண்ணில் பட்டாலே ஓட வேண்டாம், அதையே கேட்கிற கியர் பாக்ஸும் உண்டு. சிலதில் ஆட்டோமேட்டிக் கியர் வண்டிக்கான ஏடிஎஃப் என்ற ஆயில்தான் ஊற்றணும். வண்டியோடு வந்த புத்தகம் சொல்வதுதான் கணக்கு.

அப்புறம் ஆயிலின் கெட்டி; டப்பாவில் 75டபிள்யூ-80 என்பது போல இருக்கும் எண் அதைத்தான் சொல்கிறது. 75டபிள்யூ-80 கேட்கும் பெட்டியில் 80டபிள்யூ-90 ஊற்றினால், குளிரில் முதல் சில கிலோமீட்டருக்குக் கியர் விழ முரண்டு பிடிக்கும், சூடானதும் சரியாகிவிடும், ஓட்டுகிறவர் வண்டியே இப்படித்தான் என்று பழகிக்கொள்வார். இன்ஜின் ஆயில் எண்ணோடு இதை ஒப்பிடாதீர்கள், அளவுகோலே வேறு: 75டபிள்யூ-90 கியர் ஆயிலின் கெட்டி கிட்டத்தட்ட 10டபிள்யூ-40 இன்ஜின் ஆயில் அளவுதான்.

நீங்களே மாற்றுவதென்றால் முதலில் ஊற்றுகிற பிளக் கழலுகிறதா பாருங்கள். ஆயிலை முழுக்க வடித்துவிட்டு மேல் பிளக் துருப்பிடித்து அசையாமல் நின்றவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த வண்டி பிறகு இழுவையில்தான் வரும்.