விளக்கமறியலில் எத்தனை நாள்?

திருகோணமலைக்குப் பக்கத்துக் கிண்ணியாவுக்குப் பாலம் திறந்தது 2009இல். அதற்கு முன் பாதைக்கு, அதாவது ஆட்களை அக்கரை சேர்க்கும் மிதவைக்கு, காத்துக் கிடந்தவர்களுக்கு ஒன்று தெரியும். துறையில் நூறு பேர் நின்றால், அன்றைக்குச் சனம் கூடவா, பாதை மெதுவா என்று தலையை எண்ணிச் சொல்ல முடியாது.

விளக்கமறியல், அதாவது தீர்ப்பு வருமுன் சிறையில் வைத்திருப்பது. அந்தக் கணக்கிலும் இதே சிக்கல்தான். அண்மைய ஆண்டுகளில் இலங்கைச் சிறைகளில் இருப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் தீர்ப்பு வராதவர்கள். சிறைச்சாலைகள் திணைக்களம் வெளியிடும் புள்ளிவிபரத்தில் ஆண்டு முழுதும் உள்ளே வந்தவர் தொகை ஒன்று, நாளாந்தச் சராசரி இன்னொன்று. செய்திகளில் இரண்டும் கலந்துவிடும்.

இரண்டையும் இணைப்பது, காத்திருக்கும் வரிசைகளைப் பற்றி ஜோன் லிட்டில் என்ற ஆய்வாளர் 1961இல் நிறுவிய விதி. நாளொன்றுக்கு வருபவர் தொகையை ஒருவர் தங்கும் சராசரி நாட்களால் பெருக்கினால், உள்ளே இருப்பவர் தொகை. நாளுக்கு 10 பேர் வந்து 7 நாளில் பிணையில் போனாலும் 70தான். ஒருவர் வீதம் வந்து 70 நாள் கிடந்தாலும் 70தான். முதலாவதில் கைதுகள் கூட, இரண்டாவதில் வழக்கு நகரவில்லை.

இதைவிட வில்லங்கமான ஒன்று உண்டு. ஒரு சிறைக்கு வாரம் 10 பேர் வருகிறார்கள் என்று வையுங்கள். 9 பேர் ஒரு வாரத்தில் வெளியே. பிணையாள் கிடைக்காத ஒருவர் மட்டும் ஒரு வருடம். ஏதோவொரு நாள் போய் எண்ணினால் உள்ளே 61 பேர். அதில் 52 பேர் வருடக்கணக்கு ஆட்கள். வரவுப் பதிவேட்டைப் புரட்டியவருக்கோ அவர்கள் பத்தில் ஒன்று. இரண்டு பேரும் சொல்வது உண்மை.

போதாக்குறைக்கு, பொலிஸும் நீதிமன்றமும் வழக்கை எண்ணும், சிறை ஆளை எண்ணும். ஒரு வழக்கில் ஐந்து சந்தேகநபர்கள் என்றால் அங்கே ஒன்று, இங்கே ஐந்து. பிணையில் போனவர் மறுபடி வந்தால் இன்னொரு வரவு.

திருகோணமலை நீதிமன்ற வாசலில் சாப்பாட்டுப் பையோடு நின்ற அம்மா ஒருவரிடம், மகன் எத்தனை நாளாய் உள்ளே என்று கேட்டேன்.

"நாள் தெரியாது தம்பி. இது ஏழாவது தவணை."

தவணை என்றால் வழக்குக்கு நீதிமன்றம் குறிக்கும் திகதி. தவணைக்கு 14 நாள் என்றால் 98 நாள். அறிக்கைகளில் நான் தேடியது அவர் வாயில் இருந்தது.

சட்டமும் நாளைத்தான் எண்ணுகிறது. 1997ஆம் ஆண்டின் பிணைச் சட்டம், அது பொருந்தும் வழக்குகளில், தீர்ப்பின்றி 12 மாதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்கிறது. மேல் நீதிமன்றம் ஒரு தடவைக்கு 3 மாதம் வீதம் நீடிக்கலாம், அதுவும் மொத்தம் இன்னொரு 12 மாதம்தான். யார் இந்த எல்லையைத் தாண்டினார் என்பது தலைக்கணக்கில் தெரியாது.

2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டப்படி பிரஜை எவரும் இந்த விபரத்தைத் திணைக்களத்திடம் கேட்கலாம். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் சொல்லியாக வேண்டும். இங்கேயும் ஒரு 14! விண்ணப்பத்தில் "எத்தனை பேர்" என்று எழுதாதீர்கள். உள்ளே வந்த திகதி, வெளியே போன திகதி, ஆளுக்கொரு வரி. பெயர் வேண்டாம்.