கோனி என்கிற முயலை ஆங்கிலம் ஏன் கைவிட்டது?

பழைய ஆங்கிலப் புத்தகங்களில் முயலைக் 'கோனி' என்று எழுதியிருக்கிறார்களே, இப்போது ஏன் யாரும் அப்படிச் சொல்வதில்லை என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். ஒரே வார்த்தையில் பதில் வேண்டுமானால், கூச்சம். ஆனால் அந்தக் கூச்சம் வேலை செய்த விதம் இருக்கிறதே, அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

முதலில் பூர்வகதையை வேகமாக முடித்துவிடலாம். 'ஹேர்' என்ற காட்டுமுயலுக்குப் பழைய ஆங்கிலத்திலேயே பெயர் உண்டு. வளை தோண்டி வாழும் முயலுக்குக் கிடையாது, காரணம் அது வெளியூர் சரக்கு. ரோமானியர்கள் ஒன்றிரண்டைக் கொண்டுவந்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் ஃபிஷ்போர்ன் ரோமானிய மாளிகையில் 1964-ல் தோண்டியெடுத்த ஒரு எலும்புத்துண்டு கி.பி. முதல் நூற்றாண்டு முயலுடையது என்று 2019-ல் அறிவித்தார்கள். ஆனால் நாட்டில் முயல் பெருகியதெல்லாம் பிரான்சிலிருந்து வந்த நார்மானியர்கள் இறைச்சிக்கும் தோலுக்கும் வளர்க்க ஆரம்பித்த பிறகுதான். விலங்கோடு பெயரும் வந்தது. லத்தீனில் 'குனிகுலுஸ்', அது ஸ்பெயின்காரர்களின் சொல் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். சுரங்கப்பாதைக்கும் லத்தீனில் அதே சொல்தான். அது பிரெஞ்சில் 'கொனில்' ஆகி, அதன் பன்மை 'கொனிஸ்' ஆங்கிலத்துக்குள் நுழைந்து, கடைசியில் இருந்த 'ஸ்'ஸைப் பன்மை விகுதி என்று வெட்டிவிட்டு மிச்சத்தை ஒருமையாக்கிக்கொண்டார்கள். அப்போது 'ராபிட்' என்றால் குட்டி மட்டும். வளர்ந்தது கோனி.

சரி, இப்போது விஷயத்துக்கு வருவோம். இந்தச் சொல்லை அந்தக் காலத்தில் 'கோனி' என்று யாரும் சொல்லவில்லை. 'கனி' என்றுதான் சொன்னார்கள், ஆங்கிலத்தின் 'ஹனி', 'மனி' போல. பதினாறாம் நூற்றாண்டில் பெண்களைச் செல்லமாக அழைக்கவும் இது பயன்பட்டது. லண்டன் ஏமாற்றுக்காரர்களின் குழூஉக்குறியில் ஏமாளிக்கு இதுதான் பெயர், ஏமாற்றும் தொழிலுக்கு 'கோனி பிடித்தல்'. கூடவே பெண்ணுறுப்பைக் குறிக்கும் கொச்சைச் சொல்லோடு ஒலி உரசிக்கொண்டே இருந்ததால், அந்த அர்த்தமும் இதன்மேல் ஏறிவிட்டது. இரண்டு சொற்கள் ஒரே மாதிரி ஒலித்தால் பரவாயில்லை, சூழலை வைத்துப் புரிந்துகொள்வோம். அதில் ஒன்று ஆபாசம் என்றால் மட்டும் கதை வேறு. நல்ல சொல்தான் வீட்டைக் காலிசெய்யும், கெட்ட சொல் அசையாமல் உட்கார்ந்திருக்கும். ஆபாசமான சொல்லுக்கு அழுத்தம் அதிகம், கேட்டவுடன் அதுதான் மனதில் முதலில் எழும்பும். அமெரிக்காவில் சேவலுக்கு 'ரூஸ்டர்' என்ற பெயர் செல்வாக்குப் பெற்றதும், கழுதைக்கு 'டாங்கி' என்ற பெயர் பரவியதும் இதே வழியில்தான். நன்னூல் படித்தவர்களுக்கு, சபையில் சொல்லக் கூசுவதை வேறு சொல்லால் மறைத்துச் சொல்லும் இடக்கரடக்கல் தெரிந்திருக்கும், அதன் முரட்டு வடிவம் இது.

ஆக 'ராபிட்' குட்டியிலிருந்து வளர்ந்து முழு முயலாகிவிட்டது. கோனி அத்தோடு செத்திருக்க வேண்டும். சாகவிடாமல் தடுத்தது பைபிள். 1611-ல் வந்த ஜேம்ஸ் மன்னர் மொழிபெயர்ப்பில் நான்கு இடங்களில் இந்தச் சொல் இருக்கிறது. வேதத்தில் ஒரு எழுத்தையும் மாற்ற முடியாது. ஞாயிற்றுக்கிழமை சபை நிறைய ஆட்கள் உட்கார்ந்திருக்கும்போது பாதிரியார் சத்தமாக அதை வாசித்தும் ஆகவேண்டும். என்னதான் செய்வார், பாவம்?

எழுத்துக்கூட்டலில் ஒரு ஓட்டை இருந்தது. அது எப்படி வந்தது என்பதுதான் இந்தக் கதையிலேயே எனக்குப் பிடித்த பகுதி. இடைக்காலத்தில் ஆங்கிலத்தைக் கையால் எழுதியவர்களின் எழுத்துமுறையில் 'ஐ' ஒரு செங்குத்துக் கோடு, 'யு' இரண்டு கோடு, 'என்' இரண்டு கோடு, 'எம்' மூன்று கோடு. எல்லாம் ஒரே உயரம், ஒரே சாய்வு. 'மினிமம்' என்று எழுதினால் வரிசையாகப் பதினைந்து கோடுகள் வேலி போட்ட மாதிரி நிற்கும், எந்தக் கோடு எந்த எழுத்தைச் சேர்ந்தது என்று எண்ணித்தான் படிக்கவேண்டும். இதைத் தவிர்க்க, 'என்', 'எம்' போன்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் 'யு' வரும் இடங்களில் வட்டமான 'ஓ'வைப் போட்டார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். கண்ணுக்குத்தான் 'ஓ', காதுக்குப் பழைய ஒலியேதான். மகனைக் குறிக்கும் 'சன்', துறவியைக் குறிக்கும் 'மங்க்', அப்புறம் 'லவ்', 'கம்', 'ஹனி' எல்லாவற்றிலும் இன்றைக்கும் 'ஓ' உட்கார்ந்துகொண்டு வேறு ஒலி கொடுப்பது இதனால்தான். பள்ளிக்கூடத்தில் நம்மை அடி வாங்கவைத்த ஸ்பெல்லிங்குகளில் கணிசமானவை இந்த வகை.

முயலுக்கும் அதே 'ஓ' கிடைத்திருந்தது. பல நூற்றாண்டுகள் அது வெறும் எழுத்து வசதி. பிறகு திடீரென்று கௌரவமான தப்பிக்கும் வழியாகிவிட்டது. எழுத்தில் 'ஓ'தானே இருக்கிறது, அதையே வாசித்துவிட்டால் என்ன? 'கனி' மறைந்து 'கோனி' வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஓர் அகராதி சாதாரணப் பேச்சில் 'கனி', பக்தியோடு வாசிக்கும்போது 'கோனி' என்று பிரித்தே சொல்கிறது. பேச்சிலிருந்துதான் எழுத்து பிறக்கும் என்பார்கள். இங்கே எழுத்து பேச்சைத் திருத்தியிருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய அந்த பைபிள் விலங்கு முயலே அல்ல. எபிரேயத்தில் 'ஷாஃபான்', பாறை இடுக்குகளில் வாழும் ஹைராக்ஸ். பார்த்தால் பெருச்சாளி மாதிரி இருக்கும், நெருங்கிய சொந்தம் யானையும் கடற்பசுவும். அதைப் பார்த்தே இராத ஐரோப்பிய மொழிபெயர்ப்பாளர்கள் முயல் என்று வைத்துவிட்டார்கள். தமிழ் பைபிளிலும் அது 'குழிமுசல்' என்றே இருக்கிறது.

பிரான்சிலும் இதே விபத்து நடந்தது. அங்கும் 'கொனில்' கொச்சைச் சொல்லோடு மோதி ஒதுங்க, 'லபான்' அந்த இடத்தைப் பிடித்தது. இப்படிச் சொற்கள் மோதிக்கொள்வதை வரைபடத்தில் காட்டியவர் மொழியியலாளர் ழூல் ழில்லியெரோன். மளிகை வியாபாரம் பார்த்த எத்மோன் எத்மோனுக்குக் காது கூர்மை என்று கண்டு அவரை அனுப்பிவைத்தார்; அவர் 1897 முதல் 1901 வரை சைக்கிளில் 639 ஊர்களுக்குப் போய், இதற்கு உங்கள் ஊரில் என்ன சொல்வீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். தென்மேற்கு பிரான்சில் ஒலிமாற்றத்தால் சேவலும் பூனையும் ஒரே சொல்லாகிவிட, அங்கே சேவலுக்கு 'ஃபெசன்ட் பறவை' என்றும் 'விகார்', அதாவது பாதிரியார், என்றும் புதுப்பெயர்கள் முளைத்திருந்தது அந்த வரைபடத்தில்தான் பளிச்சென்று தெரிந்தது.

நான்கு வருஷம் ஒருத்தர் சைக்கிளில் சுற்றிச் சேவலுக்கு என்ன பெயர் என்று கேட்கப்போகிறார் என்று இன்றைக்கு நிதி கேட்டுப் பாருங்கள், முதல் பக்கத்தோடு மூடிவைத்துவிடுவார்கள். நம்மூர் வட்டார வழக்குகளை அந்த அளவுக்கு நெருக்கமாகப் பதிவுசெய்ய ஆள் அனுப்பவேண்டும் என்பது என் பழைய புலம்பல். பெரியவர்கள் போகப்போகச் சொற்களும் போய்க்கொண்டிருக்கின்றன, ராக்கெட்டுக்கு ஆகும் செலவில் ஒரு திருகாணி விலைகூட இதற்கு ஆகாது.

கோனி இன்னும் முழுசாகப் போகவில்லை. ரோமத்தோல் வியாபாரிகள் முயல்தோலை அந்தப் பெயரில்தான் விற்கிறார்கள், கரீபியன் கடலில் ஒரு களவா மீனுக்கு அந்தப் பெயர். நியூயார்க்கின் கோனி ஐலண்டும் டச்சுக்காரர்கள் முயலின் பெயரில் அழைத்த தீவு என்பதுதான் பொதுவான கருத்து.