‘அரசில் பதிவு செய்யப்பட்ட’ பட்டப்படிப்பு: காசு கட்ட முன் பார்க்க வேண்டியவை

கொழும்பில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் கையில் திணிக்கப்படும் பட்டப்படிப்புத் துண்டுப்பிரசுரங்களின் அடிப்பகுதியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். மேலே ‘உயர்தரம் தேவையில்லை, வீட்டிலிருந்தே பட்டம்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். கீழே பொடி எழுத்தில் ‘அரசில் பதிவு செய்யப்பட்டது’ என்றும், பக்கத்தில் ‘பிவி’ என்று தொடங்கும் ஓர் இலக்கமும் இருக்கும். அந்த இலக்கத்தைக் கொடுப்பது கம்பனிப் பதிவாளர் திணைக்களம். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் தனியார் கம்பனி ஒன்றைப் பதிந்தால் யாருக்கும் அது கிடைக்கும். பருப்பு இறக்குமதி செய்கிறவரிடமும் இதே மாதிரி இலக்கம்தான் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு வகுப்பு நடத்தலாம், கட்டணம் வாங்கலாம். பட்டம் கொடுக்கும் அதிகாரம் அதில் வராது.

அந்த அதிகாரம் எங்கிருந்து வருகிறது? 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டம்தான் அடிப்படை. கொழும்பு, யாழ்ப்பாணம் போன்ற அரச பல்கலைக்கழகங்களும் நாவலையில் இருக்கும் திறந்த பல்கலைக்கழகமும் இதன் கீழ் வருகின்றன. கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகம் போன்ற சிலவற்றுக்குத் தனிச் சட்டம் உண்டு. இவற்றில் சேராத நிறுவனம் ஒன்று தன் சொந்தப் பெயரில் பட்டம் கொடுக்க வேண்டுமானால் அதே 1978 சட்டத்தின் 25அ பிரிவின் கீழ் அமைச்சர் அதை அங்கீகரித்து வர்த்தமானியில் வெளியிட வேண்டும். மாலபேயில் உள்ள எஸ்எல்ஐஐடி, ஹோமாகமையில் உள்ள என்எஸ்பிஎம் ஆகிய இரண்டு உயர்கல்வி நிறுவனங்களும் அப்படி வந்தவை.

இந்த இடத்தில் பலர் சறுக்குகிறார்கள். 25அ அங்கீகாரம் நிறுவனத்தின் பெயரோடு நிற்பதில்லை, எந்தெந்தப் பட்டங்கள் என்றும் வர்த்தமானி குறிப்பிடும். ஆகவே ‘எங்கள் கம்பஸ் யூஜிசி (பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு) அங்கீகாரம் பெற்றது’ என்ற வசனம் உண்மையாகவே இருந்தாலும், நீங்கள் சேரப் போகும் அந்தப் பட்டம் பட்டியலில் இருக்கிறதா என்று தனியாகக் கேட்க வேண்டும்.

டிப்ளோமாவின் கதை வேறு. தொழிற்பயிற்சி நிறுவனங்கள் நாரஹேன்பிட்டியில் இருக்கும் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிய வேண்டும். அங்கும் நிறுவனத்தைப் பதிவது ஒன்று, பாடநெறிக்கு அங்கீகாரம் பெறுவது இன்னொன்று. முதலாவதைக் காட்டி இரண்டாவதையும் சேர்த்து விற்பவர்கள் இருக்கிறார்கள்.

இனி வெளிநாட்டுப் பட்டம். கொழும்பில் தொலைக்கல்வியாகவும் ஒன்லைனிலும் விற்பனையாவதில் பெரும்பகுதி இதுதான். வோர்ட் பிளேஸில் இருக்கும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெளிநாட்டுப் பாடநெறிகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து முத்திரை குத்துவதில்லை. பட்டத்தை வழங்கும் பல்கலைக்கழகத்தின் பெயர் பொதுநலவாயப் பல்கலைக்கழகங்களின் ஆண்டு நூலிலோ சர்வதேசப் பல்கலைக்கழகங்கள் சங்கத்தின் கைநூலிலோ இருக்கிறதா என்று பார்க்கிறது. அந்தச் சங்கத்தின் உலக உயர்கல்வித் தரவுத்தளம் இணையத்தில் இலவசமாகத் திறந்திருக்கிறது. வீட்டிலிருந்தே ஐந்து நிமிடத்தில் தேடிவிடலாம். பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். புகழ்பெற்ற பல்கலைக்கழகம் ஒன்றின் பெயரில் ஒரு சொல்லை முன்னுக்குப் பின் மாற்றி வைப்பது இந்த வியாபாரத்தில் பழைய உத்தி. ‘யுனெஸ்கோ அங்கீகாரம்’ என்று போட்டிருந்தால் அங்கேயே திரும்பி நடக்கலாம்: யுனெஸ்கோ எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் அங்கீகாரம் கொடுப்பதில்லை.

பெயர் பட்டியலில் இருந்தாலும் சிக்கல் வரலாம். நம்மவர்கள் அதிகம் நாடும் தமிழ்நாட்டுத் தொலைக்கல்வியே இதற்கு உதாரணம். இந்தியாவில் பல்கலைக்கழகம் சட்டப்படி இயங்கினால் மட்டும் போதாது, தொலைக்கல்விக்கு அந்நாட்டு யூஜிசியின் அனுமதி தனியாக வேண்டும். 1929இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பற்றி 2022 மார்ச்சில் இந்திய யூஜிசி ஒரு பொது அறிவித்தல் விட்டது. அதன் தொலைக்கல்விக்கு 2014-15 கல்வியாண்டு வரைதான் அனுமதி இருந்தது என்றது அந்த அறிவித்தல். பல்கலைக்கழகத்தைப் போலி என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளில் தபாலில் படித்தவர்களின் தலையில் கேள்வி விழுந்தது. ஆகவே இந்தியத் தொலைக்கல்வியில் சேருகிறவர் பல்கலைக்கழகம், பாடநெறி, சேரும் ஆண்டு ஆகிய மூன்றுக்கும் அனுமதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அங்கீகாரம் இல்லாத எல்லாமே மோசடியா என்று கேட்டால், இல்லை. அமெரிக்காவில் அங்கீகாரம் கொடுப்பவை அரசு சாரா அமைப்புகள். புதிதாகத் திறக்கும் கல்லூரிக்கு முதல் நாளே அது கிடைக்காது. வேலை அனுபவத்துக்குப் புள்ளி கொடுப்பதும் பல நல்ல பல்கலைக்கழகங்கள் செய்வதுதான். தொலைவிலிருந்து படிப்பதும் நமக்குப் புதிதல்ல. 1921இல் கொழும்பில் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி, 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவாகும் வரை மாணவர்களை லண்டன் வெளிவாரிப் பரீட்சைக்குத்தான் தயார்படுத்தியது. லண்டனைக் காணாமலே லண்டன் பட்டதாரி ஆனவர்கள் இங்கே ஏராளம். ஆனால் அவர்கள் பரீட்சை எழுதினார்கள், வினாத்தாளை லண்டன் தயாரித்தது. இன்று ‘அங்கீகாரம் வரும், விண்ணப்பித்திருக்கிறோம்’ என்கிற நிறுவனம் நேர்மையானதாகவே இருக்கலாம். இருந்தாலும் காத்திருக்கும் ஆபத்தை மாணவனே சுமக்கிறான், கட்டணத்தை மட்டும் முழுதாக வாங்கிவிடுகிறார்கள். இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

மறுகோடியில் அப்பட்டமான பட்டக்கடைகள் இருக்கின்றன. கராச்சியில் இயங்கிய அக்ஸாக்ட் என்ற மென்பொருள் நிறுவனம் இல்லாத பல்கலைக்கழகங்களின் பெயரில் உலகம் முழுக்கப் பட்டம் விற்றதை 2015 மே மாதம் நியூயோர்க் டைம்ஸ் அம்பலப்படுத்தியது. பல்கலைக்கழகம் மட்டுமல்ல, அதை ‘அங்கீகரித்த’ சபைகளும் அவர்கள் உருவாக்கிய இணையத்தளங்கள்தான். ஆகவே அங்கீகாரச் சான்றிதழைக் காட்டினால், அதைக் கொடுத்தவர் யார் என்பதையும் தேடுங்கள். அப்போஸ்டில் முத்திரை, நொத்தாரிசின் கையொப்பம், தூதரகச் சீல் எல்லாம் அந்தத் தாளில் உள்ள கையொப்பம் உண்மை என்று மட்டும் சொல்கின்றன. படிப்பின் தரம் பற்றி அவை ஒன்றும் சொல்வதில்லை.

அங்கீகாரமில்லாத இடத்தில் படிப்பது மாணவருக்குக் குற்றமல்ல. அந்தப் பட்டம் உதவுமா என்பது, எதற்காகப் படிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அறிவுக்காகவோ, தனியார் கம்பனியில் முதலாளி ஏற்றுக்கொள்வார் என்றோ படித்தால் உங்கள் விருப்பம். அரச வேலைக்கான வர்த்தமானி அறிவித்தல்களில் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அங்கீகரித்த பட்டம் என்றே வழக்கமாகக் கேட்பார்கள். மருத்துவம், பொறியியல் போன்ற தொழில்களுக்கு அந்தந்தத் தொழில்சார் சபையின் விதி இதற்கு மேலாக நிற்கும்.

சேர முன்னரே, பல்கலைக்கழகத்தின் பெயரையும் பட்டத்தின் முழுப் பெயரையும் எழுதி ஆணைக்குழுவிடம் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். நிறுவனத்திடமும் ஒரு கேள்வி: ‘சான்றிதழில் யாருடைய பெயர் இருக்கும்?’ மாதிரிப் பிரதியைக் காட்டத் தயங்குகிற இடத்தில் முற்பணம் கட்டாதீர்கள்.

ஏற்கெனவே கட்டி ஏமாந்தவர்கள் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையில் முறையிடலாம், இலக்கம் 1977. பற்றுச்சீட்டு, துண்டுப்பிரசுரம், வட்ஸ்அப்பில் அவர்கள் கொடுத்த வாக்குறுதிகளின் ஸ்கிரீன்ஷொட் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு பேசுங்கள்.