எட்டு ரியாலா? முதலில் விளிம்பைப் பாருங்கள்

மெக்சிகோ நகரத்தில் 1772 முதல் 1821 வரை அச்சான, ஸ்பெயின் மன்னர் தலை பொறித்த எட்டு ரியால் வெள்ளிக் காசுக்குப் போலிகள் தாராளம். வாங்குபவர்கள் முகத்தையும் ஆண்டையும் பார்த்தே ஏமாறுகிறார்கள்.

அசல் எடை 27.07 கிராம். தேய்ந்த காசில் அரை கிராம் குறையலாம். 24 கிராம் காட்டினால் பேரம் பேசவே வேண்டாம். எடை சரியென்றால் அடர்த்தி. 0.01 கிராம் வரை காட்டும் தராசில் தண்ணீர்க் கோப்பையை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். காசை நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ படாமல் முழுதாக மூழ்கவிடுங்கள். தராசு சுமார் 2.6 காட்ட வேண்டும். செம்பு-நிக்கல் கலவை என்றால் 3 கிராமைத் தொடும். காசில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் அசலும் போலிபோலத் தெரியும். தட்டிவிட்டு மறுபடி பாருங்கள்.

நல்ல வெள்ளியிலேயே செய்த போலி இதையும் தாண்டிவிடும். அங்கேதான் விளிம்பு கைகொடுக்கிறது. வட்டமும் செவ்வகமும் மாறிமாறி வரும் அந்தக் கோலத்தை, அச்சடிக்கும் முன்பே வெற்றுத் தகட்டை இரண்டு பட்டைகளுக்கு நடுவே உருட்டிப் பதித்தார்கள். ஒவ்வொரு பட்டையும் பாதிச் சுற்று. அதனால் நேரெதிரான இரண்டு இடங்களில் கோலம் ஒன்றன்மேல் ஒன்று ஏறியோ இடைவெளி விட்டோ இருக்கும். சுற்றிலும் பிசிறில்லாமல் ஓடும் கோலம் அழகுதான், ஆனால் சந்தேகத்துக்குரியது. விளிம்பு நெடுக ஓடும் ஒட்டுக்கோடு தெரிந்தால் அது அச்சடித்ததல்ல, உருக்கி ஊற்றிய வார்ப்பு.

எழுத்துகளும் ஒத்துப்போக வேண்டும். 'எம்' மேல் சின்ன 'ஓ' இருந்தால் மெக்சிகோ நகர அக்கசாலையில் (காசு அடிக்கும் இடம்) அடித்தது. 1795 காசில், வெள்ளியின் தரத்தைச் சோதித்த மதிப்பீட்டாளர்களைக் குறிக்கும் எழுத்து 'எஃப்எம்' என்றே இருக்க வேண்டும். நான்காம் கார்லோஸ் பெயரோடு மூன்றாம் கார்லோஸ் முகம் இருந்தால் பதற வேண்டாம்: புது மன்னரின் உருவ அச்சு வரும்வரை, 1789-90இல், அப்படித்தான் அடித்தார்கள். வெள்ளியைச் சோதித்துச் சீன வணிகர் குத்திய முத்திரைகளை மட்டும் சான்றாக எடுக்காதீர்கள், போலிகளிலும் குத்துகிறார்கள்.

பதக்கங்களில் வார்ப்பு நகலே பெரிய தொல்லை. உலோகம் ஆறும்போது சுருங்குவதால் நகல் அசலைவிடச் சற்றுச் சிறிதாகும். விட்டத்தை வெர்னியரால் அளந்து ஏலப் பட்டியல் அளவோடு ஒப்பிடுங்கள். ஒட்டுக்கோட்டை மறைக்க அராவிய அரத்தடம் விளிம்பில் இருக்கிறதா என்றும் தேடுங்கள்.

வாங்கிய பிறகு தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள்; பாதி விலை அங்கேயே போய்விடும். பிவிசி பிளாஸ்டிக் உறையால் பச்சைப் பிசுக்கு படிந்திருந்தால் சுத்தமான அசிட்டோனில் ஊறவிட்டு, துடைக்காமல் காயவிடுங்கள். நெயில் பாலிஷ் ரிமூவர் கூடாது. அதில் கலந்திருக்கும் எண்ணெயும் வாசனையும் காசில் படியும்.