ஒரு சாலைக்கு ஒரு கோர்: வாட்டர்லூ படைகள் இயங்கிய விதம்

1815 ஜூன் 15 விடியற்காலையில் நெப்போலியனின் வடக்குப் படை எல்லையைத் தாண்டி இன்றைய பெல்ஜியத்துக்குள் நுழைந்தது. ஏறத்தாழ 1,20,000 பேர். இவர்களை ஒரே சாலையில், வரிசைக்கு நான்கு பேராக நடக்கவிட்டால் என்ன ஆகும்? 30,000 வரிசைகள் வரும். வரிசைக்கு ஒரு மீட்டர் என்று வைத்தாலே 30 கிலோமீட்டர் நீளம். இதில் பீரங்கியும் குதிரையும் ரொட்டி வண்டியும் சேரவில்லை. அன்றைய காலாட்படை ஒரு நாளில் சாதாரணமாக நடந்த தூரம் 20, 25 கிலோமீட்டர்தான். அதாவது முதல் வரிசை நடந்து முடித்துச் சாயங்காலம் அடுப்பு மூட்டும்போது, கடைசி வரிசை காலையில் கிளம்பிய இடத்திலேயே நின்றுகொண்டிருக்கும். முன்னால் சண்டை தொடங்கினால் பின்னால் இருப்பவர்கள் வந்து சேர ஒன்றரை நாள் ஆகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் படையின் அமைப்பைப் புரிந்துகொள்ள இந்தக் கணக்கில் தொடங்குவதுதான் நல்லது. கம்பெனி, பட்டாலியன், ரெஜிமென்ட், பிரிகேட், டிவிஷன், கோர் என்று அடுக்கடுக்காக வரும் பெயர்களைப் பார்த்தால் பதவிப் படிக்கட்டு போலத் தெரியும். ஆனால் ஒவ்வொரு அடுக்கின் அளவையும் தீர்மானித்தவை மனிதக் குரல் எட்டும் தூரம், துப்பாக்கி சுடும் தூரம், சாலையின் அகலம், ஒரு குதிரை கடிதம் கொண்டுபோகும் வேகம் ஆகியவைதான்.

கீழிருந்து வருவோம். போர்க்களத்தில் அடிப்படை அலகு பட்டாலியன். பிரெஞ்சுப் பட்டாலியனில் ஆறு கம்பெனிகள். தாளில் 840 பேர். 1815இல் நடைமுறையில் 500, 600 பேர்தான் இருந்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் மூன்று வரிசையாக நிற்பார்கள். 600 பேர் மூன்று வரிசை என்றால் ஒரு வரிசைக்கு 200 பேர், தோளோடு தோள் உரசி நின்றால் 110, 120 மீட்டர் அகலம். குதிரைமேல் இருக்கும் அதிகாரி ஒருவர் கத்தினால், கூடவே முரசும் ஒலித்தால், கடைசி ஆளுக்கும் உத்தரவு எட்டக்கூடிய அகலம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதற்கு மேல் பெரிதாக்கினால் இடது ஓரம் ஒன்று செய்யும், வலது ஓரம் வேறொன்று செய்யும்.

ஏன் இப்படி நெருக்கியடித்து நிற்க வேண்டும்? குண்டு வரும் திசையில் மார்பைக் காட்டி வரிசையாக நிற்பது இன்று பார்த்தால் பைத்தியக்காரத்தனம். காரணம் கையில் இருந்த மஸ்கெட் துப்பாக்கி. அதன் குழலுக்குள் சுழல்வரிகள் கிடையாது. குண்டு உள்ளே கொஞ்சம் தளர்வாகவே இருக்கும். 100 மீட்டரைத் தாண்டினால் குறிபார்த்துச் சுடுவது வீண். தோட்டாக் காகிதத்தைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் கொட்டி, குண்டைக் கம்பியால் இடித்துச் சுட, நன்றாகப் பழகிய ஆளுக்கே நிமிடத்துக்கு இரண்டு மூன்று முறைதான் முடியும். தனி ஆள் சுட்டால் பயனில்லை; 600 பேர் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் சுட்டால்தான் எதிரே இருப்பவனுக்கு வலிக்கும். பிரிட்டிஷார் இதை இன்னும் இழுத்து இரண்டே வரிசையாக நின்றார்கள். அதே 600 பேர் இப்போது 170, 180 மீட்டர் அகலத்துக்கு விரிவார்கள், அத்தனை துப்பாக்கியும் முன்னால் சுடும். ஆனால் கோடு மெலிந்தால் உடைவதும் சுலபம்.

ஆகவே பட்டாலியனுக்கு மூன்று உருவங்கள் தெரிந்திருக்க வேண்டும். சுடுவதற்கு நீண்ட கோடு, நகர்வதற்குத் திரண்ட பத்தி, குதிரைப்படை பாய்ந்தால் சதுரம். சதுரத்தில் நான்கு பக்கமும் வீரர்கள் வெளியே பார்த்து நிற்பார்கள், முன் வரிசை மண்டியிட்டு, துப்பாக்கி முனையில் செருகிய பயனெட் கத்தியை நீட்டும். கூரான இரும்பு வேலி மேல் குதிரை தானாகப் போய் மோதாது. ஜூன் 18 அன்று வாட்டர்லூ களத்தில், மாலை நான்கு மணியளவில் பிரெஞ்சு மார்ஷல் நே ஆயிரக்கணக்கான குதிரைகளை பிரிட்டிஷ் தளபதி வெலிங்டனின் சதுரங்கள் மேல் திரும்பத் திரும்ப ஏவியும் உடைக்க முடியவில்லை. ஆனால் சதுரம் பீரங்கிக்கு அல்வா மாதிரி. ஒரே இரும்புக் குண்டு உள்ளே புகுந்தால் பலரைச் சாய்த்துவிடும். அதனால் குதிரை, பீரங்கி, காலாட்படை மூன்றும் ஒன்றுக்கொன்று பக்கத்தில், ஒரே ஆள் கையில் இருக்க வேண்டும். டிவிஷனும் கோரும் பிறந்தது இந்தத் தேவையால்.

நெப்போலியனின் ஜெனரல் டெர்லோனின் முதல் கோரை எடுத்துக்கொள்வோம். அவரிடம் இருந்தவர்கள் சுமார் 20,000 பேர். நான்கு காலாட்படை டிவிஷன்கள். ஒவ்வொரு டிவிஷனிலும் இரண்டு பிரிகேட், ஒவ்வொரு பிரிகேடிலும் பெரும்பாலும் இரண்டு ரெஜிமென்ட், ஒவ்வொன்றிலும் இரண்டு பட்டாலியன். டிவிஷனுக்கு எட்டுப் பீரங்கி கொண்ட ஒரு பேட்டரி, ஆக 32. கோரின் குதிரைப்படை டிவிஷனோடு ஓடக்கூடிய இலகு பேட்டரியில் 6. கோர் தளபதி கையில் இருப்பாக, 12 பவுண்டுக் குண்டு போடும் கனரக பேட்டரி ஒன்று, அதில் 8. மொத்தம் 46 பீரங்கிகள். எந்த அதிகாரியும் தனக்குக் கீழே இரண்டு முதல் ஆறு பேரிடம் பேசினால் போதும். நெப்போலியன் நூற்றுக்கும் மேற்பட்ட பட்டாலியன்களிடம் பேச வேண்டியதில்லை, ஏழெட்டுப் பேருக்குக் கடிதம் அனுப்பினால் படை நகரும்.

இதில் உண்மையான கண்டுபிடிப்பு, கோர் ஒரு சின்ன முழுப்படை என்பதுதான். 25,000, 30,000 பேர் கொண்ட கோர் தனியாக மாட்டிக்கொண்டாலும், நண்பர்கள் வந்து சேரும் வரை தாக்குப் பிடிக்கும் என்று 1809இல் நெப்போலியன் தன் வளர்ப்பு மகன் யூஜினுக்கு எழுதினார். வெறும் தைரியச் சொல் இல்லை. 1806 அக்டோபர் 14 அன்று, யேனாவில் நெப்போலியன் போரிட்டுக்கொண்டிருந்தபோது, வடக்கே ஆவர்ஷ்டெட்டில் மார்ஷல் தாவூவின் ஒற்றைக் கோர், சுமார் 27,000 பேர், தன்னைப் போல இரண்டு மடங்கு இருந்த பிரஷ்ய முதன்மைப் படையைத் தோற்கடித்தது. பிரதானப் படையோடு மோதியது தாவூதான் என்பது நெப்போலியனுக்கே பிறகுதான் தெரிந்தது.

இப்படித் தாங்கும் என்று நம்பிக்கை இருந்தால், கோர்களை ஒவ்வொன்றாகத் தனித்தனிச் சாலையில் அனுப்பலாம். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே ஒரு நாள் நடைக்கு மேல் போகக் கூடாது, அவ்வளவுதான் விதி. ஒருவர் எதிரியைக் கண்டுபிடித்துப் பிடித்து வைப்பார், மற்றவர்கள் துப்பாக்கிச் சத்தம் கேட்ட பக்கம் திரும்புவார்கள். 30 கிலோமீட்டர் பாம்பு, ஐந்தாறு குட்டிப் பாம்புகளாகிப் பக்கம் பக்கமாக ஊர்ந்துவிடும்.

சாப்பாட்டுக்கும் இதே ஏற்பாடுதான். பிரெஞ்சு வீரனின் நாள் ரொட்டி ஏறக்குறைய முக்கால் கிலோ. 1,20,000 பேருக்கு ஒரு நாளைக்கு 90 டன். குதிரைகளுக்கான தீவனம் தனி. ஒரே சாலையில் போனால் முதல் இரண்டு கோர் வழியிலிருந்த எல்லாக் களஞ்சியத்தையும் துடைத்துவிடும், பின்னால் வருபவர்கள் பட்டினி. பரந்து நடந்தால் பரந்து சாப்பிடலாம். ஜூன் 17 இரவு கொட்டிய மழையில், உணவும் ஒதுங்க இடமும் தேடிப் பிரெஞ்சு வீரர்கள் சுற்று வட்டாரமெல்லாம் சிதறிப் போயிருந்தார்கள். மறுநாள் வாட்டர்லூ களத்தில் அவர்கள் வந்து நிறைய முற்பகல் வெகுநேரம் ஆயிற்று. சண்டை பதினொன்றரை மணி வாக்கில்தான் தொடங்கியது. சேறு காய வேண்டும் என்று காத்திருந்தார்கள் என்பது பலரும் சொல்லும் காரணம். படை முழுதாக வந்து சேரவில்லை என்பதும் அதே அளவு காரணம் என்று நினைக்கிறேன்.

எதிர்ப்பக்கம் நின்ற வெலிங்டன் இந்தப் பாடத்தை நம் பக்கத்தில் கற்றவர். 1797 முதல் 1805 வரை இந்தியாவில் இருந்தார். 1799இல் திப்பு சுல்தானுக்கு எதிராக மதராஸ் படை ஸ்ரீரங்கப்பட்டினம் போனபோது அதில் ஆர்தர் வெல்லஸ்லி என்ற பெயரில் கர்னலாக இருந்தவர் அவர்தான். மாடும் அரிசியும் இல்லாவிட்டால் எத்தனை வீரர் இருந்தும் பயனில்லை என்பது தக்காணத்துப் போர்களில் அவருக்குப் பழகிய விஷயம். பொதிமாட்டுக்காரர்களோடு பேரம் பேசிய அனுபவம் அவருக்கு ஐரோப்பாவில் எங்கும் கிடைத்திருக்காது.

வாட்டர்லூவில் அவரிடம் இருந்த சுமார் 68,000 பேரில் பிரிட்டிஷார் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான். மற்றவர்கள் டச்சு, பெல்ஜிய, ஹனோவர், பிரன்ஸ்விக், நஸாவ் வீரர்கள், பலரும் புதியவர்கள். காகிதத்தில் அவருக்கும் கோர்கள் இருந்தன. களத்தில் அவற்றைப் பெரிதாக மதிக்காமல், பழகிய பிரிகேடுகளுக்கு நடுவே பழகாதவர்களைச் செருகி வைத்தார், பல நேரம் தானே போய் நேரடியாக உத்தரவிட்டார். கழுவித் திரும்ப எழுதக்கூடிய பதப்படுத்திய தோல் துண்டுகளில் பென்சிலால் எழுதுவார். அவற்றில் ஒன்று இன்றும் இருக்கிறது. வலது பக்கம் ஹூகுமோன் பண்ணை வீட்டில் தீப்பிடித்தபோது அனுப்பியது: வைக்கோல் போரிலிருந்து தீ கூரைக்குப் பரவியிருப்பதைப் பார்க்கிறேன், தீ எட்டாத பகுதிகளில் ஆட்களை வைத்துக்கொள், கூரையோ தளமோ இடிந்து விழுந்து யாரும் சாகாமல் பார், இடிந்த பிறகு உள்ளே மிஞ்சும் சுவர்களைப் பிடித்துக்கொள். குண்டு மழைக்கு நடுவே எழுதியது. இரண்டு விதமாகப் படிக்க அதில் ஒரு வரிகூட இல்லை.

நான்கு கிலோமீட்டர் முகப்பில் இப்படி ஓடி ஓடி ஆளலாம். கோர்கள் பல கிலோமீட்டர் தள்ளி இருந்தால் முடியாது. அங்கேதான் பிரெஞ்சுப் படை சறுக்கியது.

நெப்போலியனின் உத்தரவுகளைக் கடிதமாக்கி உரியவரிடம் சேர்க்கும் வேலையை 1796 முதல் செய்துவந்தவர் பெர்த்தியே. 1815இல் அவர் நெப்போலியனோடு சேரவில்லை. ஜூன் 1 அன்று பாம்பெர்க் நகரில் ஜன்னலிலிருந்து விழுந்து இறந்தார். அந்த நாற்காலியில் மார்ஷல் சூல்ட் உட்கார்ந்தார். திறமையான தளபதிதான், இந்த வேலைக்குப் புதியவர். போதாததற்கு ஜூன் 15 பிற்பகலில் வந்து சேர்ந்த நேயிடம், டெர்லோனுடையது உட்பட இரண்டு கோர்களைக் கொடுத்து, படையின் இடது அணிக்குத் தலைவராக்கினார் நெப்போலியன். நேயிடம் தனக்கென்று எழுத்தர், தூதர் என்று ஒரு அமைப்பே கிடையாது.

மறுநாள் விளைவு தெரிந்தது. நே காட்ர ப்ரா சாலைச் சந்திப்பில் வெலிங்டனோடு மோதிக்கொண்டு, டெர்லோன் எப்போது வருவார் என்று பார்த்துக்கொண்டிருந்தார். சில கிலோமீட்டர் கிழக்கே லீன்யியில், வெலிங்டனின் கூட்டாளிகளான பிரஷ்யர்களோடு போரிட்ட நெப்போலியனும் அதே டெர்லோன் வேண்டும் என்று விரும்பினார். டெர்லோன் முன்னால் போயிருந்த நேரத்தில் நெப்போலியனின் தூதர் ஒருவர் வந்து பத்தியைக் கிழக்கே திருப்பிவிட்டார். மாலையில் லீன்யிக்கு அருகே, எதிர்பாராத திசையில் 20,000 பேர் முளைத்ததும், எதிரி பக்கவாட்டில் வந்துவிட்டான் என்று பிரெஞ்சுக்காரர்களே பதறினார்கள். ஏகாதிபத்தியக் காவற்படையின் இறுதித் தாக்குதல் நிறுத்தி வைக்கப்பட்டது. விஷயம் தெளிவாவதற்குள் நேயிடமிருந்து கோபமான ஆள் வந்தார்: உடனே திரும்பு. ஒரு டிவிஷனை அங்கே விட்டுவிட்டு டெர்லோன் திரும்பி நடந்தார். காட்ர ப்ரா போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது, சண்டை முடிந்திருந்தது. 46 பீரங்கியும் 20,000 பேரும் நாள் முழுக்க இரண்டு போர்களுக்கு நடுவே நடந்ததோடு சரி.

டெர்லோனைத் திட்டுவது சுலபம். அவருக்கு அன்று இரண்டு எஜமானர்கள் இருந்தார்கள், இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லாமல் கூப்பிட்டார்கள். கோர் முறையில் கோர் பழுதாகவில்லை, கோர்களை இணைக்கும் கயிறு பழுதானது. ஜூன் 18 அன்று, பிரஷ்யர்களைத் துரத்தப் போயிருந்த மார்ஷல் குரூஷிக்கும் இதுவே நடந்தது. காலை பத்து மணிக்கு சூல்ட் எழுதிய உத்தரவு அவர் கைக்கு வரச் சாயங்காலம் நான்கு மணி ஆனது. சுமார் 33,000 பேரோடு அவர் வாவ்ர் ஊர்ப்பக்கம் நின்றுவிட்டார்.

பிரஷ்யர்களிடம் வீரர்கள் அப்படியொன்றும் சிறந்தவர்கள் இல்லை. பாதிப் பேர் ஊர்காவல் படையினர். லீன்யியில் தோற்றார்கள். 72 வயது தளபதி ப்ளூக்கர் அன்று மாலை குதிரைக்கு அடியில் சிக்கிக் காணாமல் போனார். ஆனால் 1806 தோல்விக்குப் பிறகு அவர்கள் படையில் ஒரு பழக்கம் வந்திருந்தது. தளபதிக்குப் பக்கத்திலேயே, திட்டமிட்டு உத்தரவு எழுதப் பயிற்சி பெற்ற ஸ்டாஃப் அதிகாரி ஒருவர் இருப்பார், கோர்களிலும் அப்படியே. தலைவர் இல்லாவிட்டாலும் அவர் இருப்பதால் வேலை நிற்காது. அன்று ப்ளூக்கரின் ஸ்டாஃப் தலைவர் க்னைசனாவ் வடக்கே வாவ்ர் நோக்கிப் பின்வாங்கச் சொன்னார். தோற்ற படை தன் நாட்டுப் பக்கம் கிழக்கே ஓடாமல், வெலிங்டனுக்கு அருகிலேயே இருந்தது அந்த ஒரு உத்தரவால்தான்.

அவர்களும் சொதப்பாமல் இல்லை. ஜூன் 18 காலை, லீன்யிச் சண்டையில் படாத, ஜெனரல் ப்யூலோவின் கோர் முதலில் போகட்டும் என்று முடிவானது. அது இருந்ததோ எல்லோருக்கும் பின்னால். வாவ்ரின் குறுகிய தெருக்கள் வழியே போகும்போது ஒரு வீட்டில் தீப்பிடித்து வழி அடைந்தது. வெடிமருந்து வண்டிகளைத் தீயருகே ஓட்ட முடியுமா? பல மணி நேரம் தாமதம். அப்படியும் மாலை நாலரை வாக்கில் ப்யூலோவ் பிரெஞ்சு வலப்பக்கத்தில் சுடத் தொடங்கினார், இரவுக்குள் சுமார் 50,000 பிரஷ்யர்கள் வந்து சேர்ந்தார்கள். குரூஷியைத் தடுக்க ஒரு கோர் வாவ்ரில் தங்கியது, தாங்கியது.

இந்த ஸ்டாஃப் முறையைப் பிரஷ்யா அதன் பிறகு விடவில்லை. 1866இல் ஆஸ்திரியாவோடு போர் வந்தபோது பிரஷ்ய ஸ்டாஃப் தலைவர் மோல்ட்க ரயிலிலும் தந்தியிலும் படைகளை நகர்த்தினார். எல்லைக்கு ஐந்து ரயில் பாதைகள், ஜூன் கடைசி வரை தலைமையகம் பெர்லினிலேயே. ஆனால் ஜூலை 2 இரவு, கோனிக்ரேட்ஸில் மறுநாள் போர் என்று முடிவானபோது, பட்டத்து இளவரசரின் இரண்டாம் படைக்குத் தந்தி போகவில்லை. ஃபிங்கன்ஷ்டைன் என்ற அதிகாரி நள்ளிரவில் குதிரை ஏறி, முப்பது கிலோமீட்டருக்கு மேல் இருட்டில் ஓட்டி, விடியற்காலை நான்கு மணி வாக்கில் உத்தரவைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். இரண்டாம் படை அன்று பிற்பகல் ஆஸ்திரியர்களின் வலப்பக்கத்தில் வந்து இறங்கியது.