விதை முளைக்கவில்லை, காய் துளிர்த்தது

பச்சை மிளகாயை நீளவாக்கில் கீறினால் நடுவே வெளிறிய சதை தெரியும். விதைகள் ஒட்டியிருப்பது அதில்தான். தாவரவியலில் அதற்குச் சூலொட்டுத் திசு என்று பெயர். ஏறத்தாழ 32,000 ஆண்டுகளுக்கு முன் காய்த்த ஒரு காட்டுச்செடியை மறுபடி பூக்க வைத்தது இந்தத் திசுதான்.

செடியின் பெயர் சைலீன் ஸ்டெனோஃபில்லா. வடகிழக்குச் சைபீரியாவில் கொலிமா ஆறு அரித்து அரித்துச் செங்குத்தாக்கிய கரை ஒன்று உண்டு. அந்த இடத்தின் பெயர் ‘துவான்னி யார்’. அங்கே இன்றைய தரைமட்டத்துக்கு 38 மீட்டர் கீழே, பனியுகத் தரை அணில்களின் வளைகள் கிடைத்தன. அவை சேர்த்து வைத்த விதைகளும் காய்களும் சில வளைகளில் லட்சக்கணக்கில் இருந்தன! வளைகள் வண்டலால் மூடி உறைந்தபின் ஒருமுறைகூட உருகவில்லை. மண்ணின் வெப்பநிலை மைனஸ் 7 டிகிரி. உருகி உருகி உறைவதுதான் செல்களுக்கு எமன். பனிப்படிகங்கள் ஒவ்வொரு முறையும் செல் சவ்வைக் கிழித்துவிடும். இங்கே அது நடக்கவில்லை.

முதிர்ந்த விதைகளை முளைக்க வைக்கும் முயற்சி பலிக்கவில்லை. ரஷ்ய அறிவியல் கழகத்தின் ஸ்வெத்லானா யாஷினாவும் டேவிட் கிலிச்சின்ஸ்கியும் அடங்கிய குழு, பிஞ்சுக் காய்களின் சூலொட்டுத் திசுவைக் கையில் எடுத்தது. அதில் சர்க்கரை அதிகம்; அதுவே உறைபனியிலிருந்து செல்களைக் காத்திருக்க வேண்டும் என்பது அவர்கள் கருத்து. தாவரச் செல்லுக்கு ஓர் அபார ஆற்றல் உண்டு: உயிரோடிருக்கும் ஒரு துண்டுத் திசு, சத்தும் வளர்ச்சி ஹார்மோனும் கிடைத்தால், முழுச்செடியாகவே வளர்ந்துவிடும். நம் ஊர் வாழைக்கன்றுகளைத் திசு வளர்ப்பில் எடுப்பதும் இப்படித்தான். கண்ணாடிக் குடுவையில் தளிர் வந்தது, வேர் விட்டது, தொட்டிக்கு மாறியது, வெள்ளைப் பூ பூத்தது. 2012இல் முடிவுகள் வெளியாயின. கிலிச்சின்ஸ்கி அதற்குச் சில நாள் முன்புதான் காலமானார் என்பது மனதைப் பிசைகிறது.

வயதை நம்பலாமா? கேட்க வேண்டிய கேள்விதான். கனடாவின் யூகான் பகுதியில் 1954இல் கிடைத்த லூபின் என்ற செடியின் விதைகள் முளைத்தபோது 10,000 ஆண்டுப் பழமை என்றார்கள்; 2009இல் கதிரியக்கக் கார்பனின் அளவை வைத்து வயதறியும் கார்பன் கணிப்பு செய்து பார்த்தால் அவை இக்காலத்து விதைகள்! கொலிமாவில் சுற்றியிருந்த மண்ணை வைத்து ஊகிக்காமல், இந்தச் செடியின் விதைகளையே கார்பன் கணிப்புக்கு உட்படுத்தினார்கள். கிடைத்த வயது 31,800, முன்பின் 300 ஆண்டு.

இன்றும் அதே பகுதியில் வளரும் சைலீனோடு ஒப்பிட்டபோது, பூக்கும்வரை வித்தியாசம் தெரியவில்லை. பூத்ததும் இதழ்களின் வடிவம் மாறியிருந்தது. பழைய செடிகளுக்குள்ளேயே மகரந்தம் மாற்றி விதை எடுத்தார்கள். இன்றைய சைலீனின் விதைகள் நூற்றுக்குத் தொண்ணூறு முளைத்தன. பனியுகச் செடி ஈன்ற விதைகளோ அத்தனையும் முளைத்தன.