ரோஜாவுக்கு மருந்து அடிக்கும் முன் இலையைத் திருப்பிப் பாருங்கள்

போன வாரமும் ஒரு ஆன்டி செடியோடு வந்தார். மலேசியாவின் கேமரன் மலையிலிருந்து வந்த ரோஜா. வாங்கியபோது மொட்டும் பூவுமாக இருந்ததாம். இப்போது இலையெல்லாம் வெளிறி, உப்புத்தூள் தூவியது போல் பொடிப்பொடியாகப் புள்ளிகள். "எல்லா மருந்தும் அடிச்சுட்டேன் தம்பி, பூச்சி போகவே மாட்டேங்குது" என்றார். பையைத் திறந்தால் ஒரு தோட்டப் பூச்சிக்கொல்லி, ஒரு பாட்டில் உரம், கூடவே கரப்பான்பூச்சிக்கு அடிக்கும் ஸ்பிரே டப்பா. செடிப் பராமரிப்புதான் என் தொழில். இதே கதையை இதே வரிசையில் கேட்டுக் கேட்டு, இனியும் எழுதாமல் இருப்பது சரியில்லை என்று தோன்றிவிட்டது.

அந்தச் செடியில் இருந்தது சிலந்திப் பேன். அது பூச்சி அல்ல. பூச்சிக்கு ஆறு கால், இதற்கு எட்டு. சிலந்தி, உண்ணி ஆகியவற்றின் உறவு. கடையில் பூச்சிக்கொல்லி என்று விற்கும் பலவும் இதைக் கொல்லாது. அது மட்டும் என்றால் பணம்தான் நஷ்டம். ஆனால் அந்த மருந்து, சிலந்திப் பேனைத் தின்று வாழும் நல்ல பேன்களையும் பொறிவண்டுகளையும் கொன்றுவிடுகிறது. தின்பவை போய்விட்டால் மிஞ்சியது தடையில்லாமல் பெருகும். இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிக்கொல்லி கலந்த மருந்தை இட்ட பிறகு சிலந்திப் பேன் கூடிப்போவது பல செடிகளில் பதிவாகியிருக்கிறது. "மருந்து பத்தவில்லை" என்று நீங்கள் இன்னொரு முறை அடிப்பீர்கள். அது இன்னும் கூடும். நம் ஊர் வெப்பத்தில் முட்டை வளர்ந்து மறுபடி முட்டையிட ஒரு வாரம் போதும்.

சிங்கப்பூரின் வீவக அடுக்குமாடித் தாழ்வாரம் இதற்கு வசதியான இடம். வெயில் அடிக்கும், சுவர் சூடேறும், மழை மட்டும் இலையில் படாது. காய்ந்த, சூடான இலையின் அடிப்பக்கம்தான் அதன் வீடு. அதனால்தான் மேலே பார்த்தால் எதுவும் தெரிவதில்லை. ஒரு வெள்ளைத் தாளை இலைக்கடியில் பிடித்துக் கிளையைத் தட்டுங்கள். விழுந்த தூசி நகர்ந்தால் அது தூசி அல்ல. மெல்லிய வலையே கண்ணுக்குத் தெரிகிறது என்றால் ஏற்கெனவே முற்றிவிட்டது.

முதல் மருந்து தண்ணீர். தாழ்வாரத்தில் ஹோஸைத் திறந்தால் கீழ்வீட்டுத் துணி நனையும், வேண்டாம். தொட்டியின் வாயைப் பிளாஸ்டிக் பையால் கட்டி, குளியலறைக்குத் தூக்கிச் செல்லுங்கள். செடியைச் சாய்த்து இலையின் அடிப்பக்கத்தைப் பீய்ச்சிக் கழுவுங்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, இரண்டு வாரம். அப்புறமும் இருந்தால் வேப்பெண்ணெய்: லிட்டருக்கு 5 மில்லி, சில சொட்டு சோப்புத் திரவம், வெயில் இறங்கிய பிறகு, அடிப்பக்கம் நனைய. வாரம் ஒருமுறை. மேலே மட்டும் தெளித்துவிட்டு வேப்பெண்ணெய் வேலை செய்யவில்லை என்று சொல்லாதீர்கள். கந்தக மருந்தையும் எண்ணெயையும் அடுத்தடுத்து அடித்தால் இலை கருகும். நடுவில் இரண்டு வாரமாவது விடுங்கள்.

தரைவீட்டிலோ சமூகத் தோட்டத்திலோ வளர்ப்பவர்களுக்குக் கதை நேர்மாறு. அங்கே மழைதான் எதிரி. ஓரம் பிசிறிய கருப்பு வட்டம், சுற்றி மஞ்சள், பிறகு இலை உதிர்வது: இது கரும்புள்ளி நோய், பூஞ்சையால் வருவது. இலை ஏழு மணி நேரம் போல ஈரமாகவே இருந்தால் வித்து முளைத்துவிடும். டிசம்பர் மழையில் இது எவ்வளவு சுலபம் என்று சொல்ல வேண்டியதில்லை. இரவில் செடியைக் குளிப்பாட்டாதீர்கள். காலையில், வேரில் ஊற்றுங்கள். விழுந்த இலையைப் பொறுக்கிக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் அல்ல. நெருக்கமான கிளையை வெட்டிக் காற்று விடுங்கள். கத்தரியை ஆல்கஹாலால் துடைத்துவிட்டு அடுத்த செடிக்குப் போங்கள். பூஞ்சைக்கொல்லி புதிய இலையைக் காக்கும். வந்துவிட்ட புள்ளியை மறைக்காது. இதைச் சொல்லாமல் விற்கிறார்கள், அதில் எனக்கு வருத்தம் உண்டு.

மாவுப்பூச்சி என்றால் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்தெடுங்கள். மொட்டு விரியாமல் ஓரம் பழுப்பாகிறதா, இலைப்பேன் (thrips); இது சிலந்திப் பேன் அல்ல, வேறு பூச்சி. அந்த மொட்டைக் கிள்ளிப் பையில் கட்டிப் போடுங்கள். புதுச் செடியை இரண்டு வாரம் தள்ளி வையுங்கள். தொட்டித் தட்டில் தண்ணீர் நிற்க விடாதீர்கள். டெங்கிக் கொசுவுக்கு அது போதும்.

கரப்பான் ஸ்பிரேயைச் செடியில் அடிக்கவே கூடாது. அதிலுள்ள கரைப்பான் இலையைக் கருக்கிவிடும். ஆன்டியின் செடியில் பாதிக் கருகல் அதனால் வந்ததுதான்.

கடைசியாக, கெஞ்சிக் கேட்கிறேன். லேபிள் இல்லாத மருந்தை வாங்காதீர்கள், யாரோ ஊரிலிருந்து கொண்டுவந்தது என்றாலும். மிச்ச மருந்தைக் குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி அடுப்படியில் வைக்காதீர்கள். வீட்டில் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். மருந்தடித்த ரோஜா இதழைக் குல்கந்துக்கும் பன்னீருக்கும் எடுக்காதீர்கள்; பூஜைத் தட்டில் வைத்தாலும் குழந்தைகள் எடுத்து வாயில் போடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.